அம்மாவின் முட்டியும் சின்னம்மாவின் முட்டியும்

முட்டி வலி என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்மிடம் இரண்டே பதில்கள்தான் தயாராக இருக்கின்றன. ஒன்று, "வயசாகிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." இன்னொன்று, "ஆபரேஷன் பண்ணிட்டா சரியாப் போயிடும்." இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்பது, கேமரன் மலையில் இருக்கும் என் அம்மாவும் சின்னம்மாவும் சேர்ந்து எனக்குக் காட்டிய பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

நான் வானொலியில் வேலை செய்கிறேன். உடல்நலப் பகுதியில் முழங்கால் வலி என்று தலைப்பு வைத்தால் போதும். தொலைபேசி இணைப்புகள் நிரம்பி வழியும். அழைப்பவர்களில் பாதிப் பேர் வலி உள்ளவர்களே அல்ல. அவர்களின் பிள்ளைகள். "அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சாம், என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்பதுதான் அவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. என்ன வாங்கலாம் என்பதற்கு முன்னால், யாருடைய முட்டி அது என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

மலையும் கால்களும்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைக் குறித்து வைத்தார். 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவில் தேயிலை நட்டு, சாலை போட்ட கைகளில் பெரும் பகுதி தென்னிந்தியாவில் இருந்து வந்த தமிழர்களின் கைகள். இன்று சுங்கை பாலாஸ் பக்கம் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுப்பயணிகளுக்குப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தெரியும் அந்தச் சரிவு, அதில் ஏறி இறங்கியவர்களுக்கு வேறு மாதிரி.

அம்மா பதினைந்து வயதில் கொழுந்து பறிக்கப் போனவர். விடியற்காலைப் பெரட்டு, பிறகு மலை ஏற்றம், நிரை பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்தல், நிறுவைக்கு மூட்டையோடு இறக்கம். கையால் பறித்த காலம் போய்க் கத்தரி வந்தது, அப்புறம் இயந்திரம் வந்தது. எது வந்தாலும் மலை தட்டையாகவில்லை. நாற்பது ஆண்டுகள் அப்படி. சின்னம்மாவும் அதே தோட்டம், அதே லயம், நான்கு வயது இளையவர். இப்போது அம்மாவுக்கு 68, சின்னம்மாவுக்கு 64.

சரிவில் வேலை செய்வது முட்டியை என்ன செய்யும் என்பதற்கு அளவே இருக்கிறது. பெர்லினில் ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சையில் பொருத்திய செயற்கை முழங்காலுக்குள் உணர்கருவி வைத்து, உண்மையான மனிதர்கள் நடக்கும்போது எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்கும் மேல். படி இறங்கும்போது அதைவிடவும் அதிகம், ஏறத்தாழ மூன்றரை மடங்கு. "ஏறுறதுகூட பரவாயில்ல, இறங்குறதுதான் உயிர் போவுது" என்று நம் அம்மாக்கள் சொல்வது வெறும் புலம்பல் அல்ல.

மண்டியிடுவது, குந்துவது, பாரம் தூக்குவது ஆகிய மூன்றும் தொடர்ந்து இருக்கும் வேலைகளில் முழங்கால் தேய்மானம் அதிகம் என்பது பல நாடுகளில் பார்த்தறிந்த விஷயம். அதற்காக இதைத் தோட்டத்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேர். அவர்களில் 60 விழுக்காட்டினர் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால்தான். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி, 55 வயதைத் தாண்டியவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் 65-ஐத் தாண்டியவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் முழங்கால் வலி இருப்பதாகச் சொல்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு பாட்டிகள் இருந்தால், அவர்களில் ஒருவர் இரவில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு எக்ஸ்ரே

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் ஒரே வாரத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். முழங்கால் தேய்மானத்தைப் பூஜ்ஜியம் முதல் நான்கு வரை படிநிலையாகப் பிரிப்பார்கள். 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்த முறை அது; இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அம்மாவின் வலது முட்டி மூன்று. சின்னம்மாவுக்கு இரண்டு.

அம்மாவுக்கு எடை 74 கிலோ, உயரம் ஐந்தடி. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். சின்னம்மா ஒல்லி, 48 கிலோவைத் தாண்டியதில்லை. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. படத்தையும் எடையையும் வைத்துப் பார்த்தால் யாருக்கு அதிகம் வலிக்க வேண்டும்? அம்மாவுக்கு. ஆனால் "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டபோது அம்மா ஏழு என்றார். சின்னம்மா எட்டு என்றார்.

இது ஏதோ எங்கள் குடும்பத்து விசித்திரம் இல்லை. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு சந்தைக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் லேசான தேய்மானம் மட்டும் உள்ளவர்கள் கட்டிலை விட்டு இறங்க முடியாமலும் இருக்கிறார்கள். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பில் நரம்புகளே இல்லை. வலி வருவது அதன் அடியில் உள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு, தசைநார் ஆகியவற்றில் இருந்து. அந்த வலியைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் மூளையின் வேலை. தூக்கம், கவலை, பயம், தனிமை என எல்லாமே அதில் கை வைக்கும். எக்ஸ்ரேயில் அவை எதுவும் விழாது.

பசார் மாலாம் குப்பி

சிகிச்சைக்கு முன்னால் ஒரு குறுக்கு வழியும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது. அம்மா பசார் மாலாமில் ஒரு குப்பி மாத்திரை வாங்கி வைத்திருந்தார். மூலிகை என்று சொல்லி விற்றார்களாம். மூன்றே நாளில் வலி பறந்தது. பக்கத்து வீட்டுக்கும் இரண்டு குப்பி வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் முகம் உப்பியது, எடை கூடியது, சர்க்கரை அளவு எகிறியது. சுகாதார கிளினிக்கில் அம்மாவைப் பார்த்த மருத்துவர், முகத்தைப் பார்த்ததுமே "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

வலியை மந்திரம் போல நிறுத்தும் "மூலிகை" மாத்திரைகளில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்து என்றால் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டிருந்தால், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதையே குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் படிப்படியாக நிறுத்தினார்கள்.

ஒரே பயிற்சி, ஒரே குரல்

அதன் பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது. அரசாங்க மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை அளித்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். "பெலான்-பெலான், மாக்சிக்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்திவிட்டார். கற்றுக்கொடுத்தது ஐந்தே பயிற்சிகள். கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார்வது. உட்கார்ந்தபடி காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது. படுத்துக்கொண்டு குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவது. சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது. ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது.

வலி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு கணக்குச் சொன்னார். பத்துக்கு இரண்டு வரை வலித்தால் கவலையே வேண்டாம். ஐந்து வரை வலித்தாலும் தொடரலாம். மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஐந்தைத் தாண்டினால் அன்றைய அளவைக் குறைக்க வேண்டும். "வலிக்குதா, அப்படியே உட்காரு" என்று வளர்ந்த நமக்கு இது புதிய பாடம்.

மலைப் பாதையில் வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்கு வந்து போவது இருவராலும் ஆகாத காரியம். அதனால் என் பிழைப்புக்கு உரிய கருவியையே எடுத்தேன். ஐந்து பயிற்சிகளுக்கும் என் குரலில் எண்ணிக்கை சொல்லி, இடையில் மூச்சு வாங்க இடம் விட்டு, பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலை பத்து மணிக்கு அம்மா வீட்டுக் கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு, என் குரலை வைத்து, அக்காவும் தங்கையும் பயிற்சி செய்தார்கள். "எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனி ரேடியோ" என்று அம்மாவுக்குப் பெருமை.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் மருத்துவமனையில் மறுபடி அளந்தார்கள். முப்பது வினாடியில் எத்தனை முறை நாற்காலியில் இருந்து எழுந்து உட்கார முடிகிறது என்பது ஓர் எளிய சோதனை. அம்மா ஆறில் இருந்து பதினொன்றுக்கு வந்திருந்தார். வலி ஏழில் இருந்து நான்கு. சின்னம்மா ஏழில் இருந்து எட்டு. வலி எட்டு, அதே எட்டு.

ஒரே பயிற்சி, ஒரே கூடம், ஒரே குரல். எக்ஸ்ரேயில் மோசமான முட்டி முன்னேறியது. நல்ல முட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

யாருக்குப் பலிக்கிறது?

உலகம் முழுக்க மருத்துவர்கள் விடை தேடும் கேள்வி இது. டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய 'கிளாட்' என்ற திட்டம் இதே வகைதான். முழங்காலைப் பற்றிய விளக்க வகுப்பு, பிறகு வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரப் பயிற்சி. பல நாடுகளில் பரவியிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் வலி குறைகிறது, நடை வேகம் கூடுகிறது. ஆனால் சராசரி என்பது அம்மாவையும் சின்னம்மாவையும் கூட்டி இரண்டால் வகுப்பது. இரண்டு பேரில் யாரும் அந்தச் சராசரியில் இல்லை.

2023-இல் 'லான்செட்' குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 31 பரிசோதனைகளில் பங்கேற்ற 4,241 பேரின் தனித்தனி விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. முழங்காலும் இடுப்பும் அதில் அடக்கம். உடற்பயிற்சியால் கிடைக்கும் பலன் சராசரியில் சிறியதுதான் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. அதோடு, தொடக்கத்தில் வலி அதிகமாகவும் இயக்கம் குறைவாகவும் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்தது என்றும் கண்டது. "ரொம்ப முத்திப்போச்சு, இனிமே பயிற்சி எதுக்கு?" என்று கைவிடுகிறோமே, அந்த எண்ணத்துக்கு நேர் எதிரான முடிவு இது.

எடை இன்னொரு காரணி. 2005-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் மெஸியர் குழுவினர் கண்டது எளிதில் மறக்காது: உடலில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. அதே குழு 2013-இல் 454 பேரைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தபோது, உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கே அதிக வலிக் குறைவு கிடைத்தது. அம்மா பத்து மாதத்தில் 74-இல் இருந்து 68-க்கு வந்தார். ஆறு கிலோ. ஓர் அடிக்கு 24 கிலோ என்றால், ஒரு மூட்டைக் கொழுந்தை இறக்கி வைத்த மாதிரி. இதற்கு அம்மா செய்ததெல்லாம் தேநீரில் கெட்டிப் பாலை நிறுத்தியது, இரவில் சோற்றைப் பாதியாக்கியது, குப்பி மாத்திரையை விட்டது.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 63.9 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உடையவர்கள். நீரிழிவு 31.4 விழுக்காடு. இரண்டுமே மற்ற இனங்களைவிட அதிகம். முட்டிக்குச் செய்யும் சிகிச்சையையும் இது மாற்றிவிடுகிறது. முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரையை ஏற்றும். வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. இரத்த அழுத்தத்தையும் வயிற்றையும் பாதிக்கும். அதனால்தான் வயதானவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால், முட்டிமேல் பூசும் வலிக் களிம்பைப் பரிந்துரைக்கிறார்கள். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டுச்சு" என்பது உங்கள் அம்மாவுக்கு எழுதிய மருந்துச் சீட்டு ஆகாது.

ஊசியைப் பற்றி இன்னும் ஒரு வரி. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 156 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மற்றவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து வலி குறைந்து நன்றாக நடமாடியவர்கள் இயன்முறை சிகிச்சை பெற்ற பகுதியினர். ஊசி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தாங்க முடியாத வலியைத் தணித்து, பயிற்சி தொடங்க வழி செய்து கொடுக்க அது உதவும். ஊசி மட்டுமே சிகிச்சை என்று நின்றுவிடுவதுதான் பிரச்சினை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அன்போடு வாங்கி வரும் குளுக்கோசமின் டப்பாவும் அப்படித்தான். 2006-இல் 1,583 பேரை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிடத் தெளிவாகச் சிறந்ததாக இல்லை.

சின்னம்மாவுக்குள் இருந்தது

சின்னம்மாவின் எட்டு ஏன் இறங்கவில்லை என்பதை அந்த மலாய்ப் பெண்தான் முதலில் தொட்டார். முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

சித்தப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாராம். மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தவர். அதிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் பயம். "காலை நீட்டும்போதெல்லாம் உள்ள எலும்பு எலும்போட உரசுற சத்தம் கேக்குது. இப்படியே செஞ்சா இருக்கிறதும் தேஞ்சு போயிடாதா?" என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது. மூன்று மாதமும் அவர் பயிற்சி செய்தார்தான். ஆனால் பாதி தூரம் மட்டும் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவையும் ஆபத்தாக நினைத்துச் செய்தார்.

முட்டியில் கேட்கும் கரகர சத்தம் மட்டும் தனியாகச் சேதத்தின் அடையாளம் இல்லை. வலியே இல்லாதவர்களுக்கும் அது கேட்கும். முறையான பயிற்சி குருத்தெலும்பைத் தேய்த்துவிடாது. போன குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கவும் செய்யாது. தொடைத் தசையை வலுவாக்கி, முட்டியில் விழும் அதிர்ச்சியைத் தசை வாங்கிக்கொள்ளப் பழக்கும். இதைத் தமிழில் நிதானமாக, கையில் ஒரு கோழிக் கால் எலும்பை வைத்துக்கொண்டு அம்மாவே தங்கைக்கு விளக்கினார். மருத்துவமனைத் துண்டறிக்கை செய்யாததை அந்தக் கோழிக் கால் செய்தது.

தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் சுகாதார கிளினிக்கில் தனியாகச் சிகிச்சை தொடங்கினார்கள். அதைச் சின்னம்மா முதலில் ஏற்கவில்லை. "எனக்கு முட்டிதான் வலிக்குது, எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்பட்டார். அம்மாதான் கூடவே போய் உட்கார்ந்தார். இரவில் தங்கையைத் தன் வீட்டிலேயே படுக்க வைத்தார். ஆறு மாதம் கழித்து எட்டு, ஐந்தாக இறங்கியது. எழுந்து உட்காரும் எண்ணிக்கை பத்தானது. எது வேலை செய்தது? சிகிச்சையா, தூக்கமா, அக்காவின் குறட்டைச் சத்தமா? பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனம் வலியைக் கூட்டுகிறது என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. சின்னம்மாவின் எட்டு உண்மையான எட்டு. "எக்ஸ்ரேல ஒண்ணும் பெரிசா இல்லையே" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே சுருங்கிப்போனார்.

தம்பியின் முப்பதாயிரம்

என் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சைக்கென்று முப்பதாயிரம் ரிங்கிட் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். "பணம் இருக்கும்போதே பண்ணிடலாம் அக்கா, அப்புறம் வயசு கூடிட்டே போகும்" என்பது அவன் வாதம். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நல்ல சிகிச்சை அது. 2019-இல் லான்செட்டில் வந்த ஆய்வு ஒன்றின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியபோது எங்களுக்கு உதவியது 2015-இல் டென்மார்க்கில் நடந்த ஒரு பரிசோதனை. அறுவை சிகிச்சைக்குத் தகுதியான 100 பேர். ஐம்பது பேருக்கு முழங்கால் மாற்றமும், அதோடு பயிற்சி, உணவு ஆலோசனை முதலான சிகிச்சையும். மற்ற ஐம்பது பேருக்கு அறுவை இல்லாத சிகிச்சை மட்டும். ஓராண்டில் அறுவை செய்தவர்களுக்கே அதிக முன்னேற்றம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களிடம்தான் அதிகம். மற்ற ஐம்பது பேரில் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர் மட்டுமே.

இதைப் படித்துச் சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பதிமூணு பேருக்கு, முன்னாடி பயிற்சி செஞ்சதால ஏதாவது கெட்டுப் போச்சா?" இல்லை அம்மா, பிறகு வேண்டும் என்றபோது அவர்களால் அறுவை செய்துகொள்ள முடிந்தது, வலுவான தொடையோடு அறுவைக்குப் போவது நல்லதுதான். "அப்ப நான் கடைசி வரிசையில நிக்கிறேன்" என்றார். தம்பி சிரித்துவிட்டான். பணம் அப்படியே இருக்கிறது. அதில் கொஞ்சம் எடுத்துப் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்டோம். குளியலறையில் ஒரு கம்பி. மீதி இருக்கட்டும்.

சின்னம்மாவின் நிலை வேறு. ஐந்து என்பது அவருக்குப் போதவில்லை. பிரிஞ்சாங் கோயில் திருவிழாவுக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை இன்னும் கைகூடவில்லை. அடுத்த மாதம் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அறுவை வேண்டாம் என்று சொல்வாரோ, வேண்டும் என்று சொல்வாரோ. எந்தப் பதில் வந்தாலும், எல்லா வழியையும் முயன்று பார்த்துவிட்டு அவர் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார். நடை இருக்கிறது, தூக்கம் திரும்பியிருக்கிறது, பயம் குறைந்திருக்கிறது. முடிவு எடுக்க இவை எல்லாமே பலம்.

தோட்டத்திலும் புதுக்கிராமத்திலும் சிறு பட்டணங்களிலும் பெற்றோரை விட்டுவிட்டு நகரத்தில் வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் தினமும் ஒருமுறை போன் செய்கிறோம். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிடுகிறோம். அடுத்த முறை இந்த நான்கையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். இன்று கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்தீர்கள்? படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா? கடையில் புதிதாக என்ன மாத்திரை வாங்கினீர்கள்? நேற்று எத்தனை மணிக்குத் தூக்கம் கலைந்தது?

பதில்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எக்ஸ்ரே படத்தோடு சேர்த்துக் கொடுங்கள். படம் முட்டியைப் பற்றிச் சொல்லும். அந்த முட்டியோடு வாழும் மனிதரைப் பற்றித் தாள் சொல்லும். மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.